ஒரு பெல்ட்டும் ஒரு கத்தியும்

சாய்ந்தமருது
14.01.1981

அன்புள்ள றஊப் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது உங்கள் பெல்ட்தான். வாப்பா பின்னால் நின்ற லொறியைப் பார்த்தார். உம்மா உங்கள் முகத்தை விரலால் தடவிவிட்டு, "வெளுத்துப் போனான்" என்றார். ஸைனம்பு சாச்சி உங்கள் கை மணிக்கூட்டைப் பார்த்து, "தங்கமாக்கும்" என்றார். பெல்ட்டை யாரும் பார்க்கவில்லை.

கல்முனைக் கடையில் நீங்கள் வாங்கிவந்த அதே பெல்ட். நான்தான் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்துத் தந்தேன். அப்போது நடு ஓட்டையில் குத்துவீர்கள். இப்போது கடைசி ஓட்டைக்கும் அப்பால் புதிதாக ஒரு ஓட்டை இருக்கிறது. ஆணியால் போட்டது போல வட்டமில்லாமல் கிழிந்திருக்கிறது. பெல்ட்டின் நுனி நாக்கு மாதிரித் தொங்குகிறது. ஆனால் நல்ல சாப்பாடு, நல்ல சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை அப்படியே வாசித்துக் காட்டினேன். பெல்ட்டைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

என் சீதன வீட்டு வேலை நடக்கிறது. சூறாவளி கொண்டுபோன பழைய வீட்டுக்குப் பக்கத்தில், உம்மாவின் வளவில், இரண்டு அறையும் குசினியும் எழும்பி ஓடும் போட்டாயிற்று. பூபாலசிங்கம் மேசன் நேற்றுக் கதவு வைத்தார். "தங்கச்சிர வீட்டுக்கதவு, கறையான் அரிக்காத மரம்" என்று வேலிக்கு அப்பால் நின்று சத்தமாகச் சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்று.

எனக்கு இந்த வீடு போதும். எட்டாம் வகுப்போடு என்னை மறித்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த தெரு, கிடுகு வேலிக்குக் கீழால் போகிற கால்கள் மட்டும்தான். யாருடைய கால் என்று பார்த்தே சொல்லிவிடுவேன். பக்கத்து வளவு ஹாஜறாவின் கால் நம் கடப்படி வாசலில் கொஞ்சம் மெதுவாகப் போகும். நேற்று உப்பு வாங்க வந்தாள். உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உப்பை மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஹஜ்ஜுப் பெருநாளோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறதல்லவா? வருவீர்கள்தானே?

வாப்பா சொல்லச் சொல்ல எழுதிய கடிதத்துக்குள் இந்தத் தாளை மடித்து வைக்கிறேன். நீங்களும் எனக்கென்று தனித்தாள் வைத்தால் அதை மட்டும் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டாமல் எடுத்துக்கொள்வேன்.

தங்கச்சி
ஸாலிஹா

*

றியாத்
09.02.1981

ஸாலிஹா புள்ளைக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்ததில் பெரிய நட்டம் பொலிசுக்குத்தான். இனிப் படம் எடுத்தால் சாரம் கட்டிக்கொண்டுதான் நிற்பேன்.

ஒன்றுமில்லை. வெயிலில் எல்லாருக்கும் உடம்பு கொஞ்சம் இறங்கும். ஓட்டை போட்டுத் தந்தது அபூ யூசுப். எங்கள் தலைமை மேசன். ஷாம் தேசத்துக்காரர், டமஸ்கஸ் ஊர். நம் பூபாலசிங்கத்தார் போலவே கையும் வாயும் சேர்ந்து வேலை செய்யும். பெல்ட்டைப் பலகையில் வைத்து ஆணி அடிக்கும்போது, "இதைப் பத்திரமாக வை. தாவிய்யாக்காரரின் தலைவனுக்குத் தன்னை மீட்கக் கொடுக்க இது ஒன்றுதான் இருந்தது" என்றார். யார் அது என்று கேட்டேன். பகல் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தக் கதைதான். எனக்கும் இப்போது கொஞ்சம் அரபு விளங்கும்.

தாவிய்யா என்றால் சிலுவைப் போர்க் காலத்தில் பைத்துல் முகத்தஸில், ஜெருசலேமில், இருந்த ஒரு படை. சந்நியாசிகள் மாதிரிக் கலியாணம் முடிக்க மாட்டார்கள், தனக்கென்று ஒரு சாமானும் வைக்க மாட்டார்கள், ஆனால் வாள் பிடிப்பார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவர் ஓடோ. வாலிபத்தில் ஒருமுறை நம் ஆட்களிடம் பிடிபட்டு விடுதலையானவராம். பிறகு அந்தப் படைக்கே தலைவரானார். கோபக்காரர். அவருடைய சனமே அவரைத் திட்டி எழுதி வைத்திருக்கிறதாம். ஸலாஹுத்தீன் சுல்தானின் பெரிய சேனை ஒருமுறை தோற்று ஓடியபோது எதிர்ப்பக்கத்தில் முன்னுக்கு நின்றது இந்த ஆள்தான்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு கோட்டை ஆசை வந்தது. ஆற்றுத் துறையில், ஷாமுக்குப் போகிற வழியை மறித்து, ஒரு கோட்டை கட்டுவித்தார்கள். அந்த இடத்துக்கு அரபியில் துக்க வீடு என்று பெயர். யாகூப் நபி, மகன் யூசுபைத் தொலைத்துவிட்டு அங்கிருந்துதான் அழுதாராம். கோட்டை முடியவில்லை. சுவர் எழும்பிக்கொண்டிருக்கும்போதே ஒரு சண்டை வந்து, ஓடோ பிடிபட்டார். டமஸ்கஸுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். சிறைக்குள் இருக்கும்போதே கோட்டையும் விழுந்தது.

பிறகு சுல்தானின் ஆள் வந்து அவரிடம் ஒரு கேள்வி கேட்டான். "சுல்தானின் மருமகன் ஒருவன் உங்கள் பக்கத்தில் சிறையில் இருக்கிறான். அவனை விடச்சொல்லு, உன்னை விடுகிறோம்."

மிச்சத்தைச் சொல்லுமுன் அபூ யூசுபை மற்றப் பக்கத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்ததும் கேட்டு எழுதுகிறேன். ஹாஜறாவுக்கு உப்பைக் கொண்டுபோய்க் கொடு.

காக்கா
றஊப்

*

சாய்ந்தமருது
16.04.1981

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். உப்பைக் கொடுத்தேன். அவள் சிரித்தாள்.

மேல் தாளில் இருக்கும் கையெழுத்துத்தான் என்னுடையது. சொல் வாப்பாவுடையது. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாப்பிள்ளை கதைத்திருக்கிறார்கள். ஜெமீல் என்று பெயர். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். அவருடைய மாமா மஜீட் முதலாளியும் இன்னும் சிலரும் வீடு பார்க்க வந்தார்கள். என்னைப் பார்க்க ஒருவரும் வரவில்லை, வீட்டைத்தான் பார்த்தார்கள். நான் பழைய வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். மஜீட் முதலாளி அறைக்குள் கைத்தடியால் தட்டித் தட்டி நடந்தார்.

"நல்ல வீடுதான் ஆதம்பாவா காக்கா. ஆனா கிளாக்கர் மாப்பிளக்கி நாலு பேர் வருவாங்க, போவாங்க. எங்க குந்துற?"

"விறாந்த இரிக்கிதானே" என்றார் வாப்பா.

"விறாந்தயில கோழியும் குந்தும்."

எல்லாரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பதை நான் முன்பு கண்டதில்லை. முன்பக்கம் கொங்கிறீட் போட்ட மண்டபம் ஒன்றும் அதோடு ஒரு அறையும் வேண்டுமாம். இப்போது காவின் எழுதி நிக்காஹைப் பதிந்துவிடலாமாம். மண்டபம் முடிந்த பிறகு மாப்பிள்ளை இந்த வீட்டுக்குக் குடிவருவாராம். அவர்கள் போனதும் பூபாலசிங்கம் மேசன் முற்றத்தில் முளைக்கட்டைகளை அடித்து நூல் கட்டினார். மண்டபம் வரப்போகிற இடம். உம்மாவின் கறிவேப்பிலைச் செடி நூலுக்கு உள்ளே நிற்கிறது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா என்னைக் கூப்பிட்டு, "எழுது மகள்" என்றார். "மகன் றஊப், இன்னும் ரெண்டு வருசம் பொறுத்துக்கொள். தங்கச்சிர காரியம் முடியட்டும். பிறகு உன்ட காரியம்." நான் எழுதினேன். "முடியட்டும்" என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. மை ஊறி ஒரு பொட்டு விழுந்திருக்கிறது, பாருங்கள்.

குமர் ஒன்று வீட்டில் இருக்கும்போது ஆண்பிள்ளை கலியாணம் முடிக்கக் கூடாது என்பதை யார் முதலில் சொன்னார்கள் என்று சாச்சியிடம் கேட்டேன். "அதெல்லாம் அப்படித்தான்கா" என்றார். என்னிடம் ஒருவரும் கேட்க மாட்டார்களா என்றேன். "கேப்பாங்க. காவினண்டு வாப்பா வந்து கேப்பாரு. நீ பேசாம இரி. குமர்ப்புள்ள பேசாம இருந்தா அதுதான் சம்மதம். உன்னப் போல வாயில்லாததுகளுக்குத்தான் அந்தச் சட்டத்த வெச்சிரிக்கி."

ஹாஜறாவையும் யாரோ கேட்டு வந்தார்களாம். ஹஜ்ஜுப் பெருநாள் மட்டும் பொறுக்கச் சொல்லி அவள் அழுது பிடித்து நிற்கிறாள்.

சுல்தானின் ஆளுக்கு ஓடோ என்ன சொன்னார்?

ஸாலிஹா

*

றியாத்
12.05.1981

ஸாலிஹா புள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மை விழுந்த பொட்டைப் பார்த்தேன்.

அபூ யூசுப் திரும்பி வந்துவிட்டார். அவர் சொன்னபடி சொல்கிறேன். வேறு விதமாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்களாம். ஓடோ மாட்டேன் என்றார். "என் படையில் பிடிபட்டவனை மீட்கத் தன் இடுப்புப் பட்டியும் கத்தியும் தவிர வேறொன்றும் கொடுக்கக் கூடாது. அதுதான் சட்டம். தலைவனுக்கு வேறு சட்டம் இல்லை. தவிர, எனக்குச் சமமாக ஒரு கைதி உங்களிடம் இல்லை" என்றாராம். கதவைப் பூட்டினார்கள். கொஞ்சக் காலத்தில் அங்கேயே மௌத்தானார்.

எதிரியானாலும் அபூ யூசுபுக்கு அந்த ஆளில் ஒரு மரியாதை. "றிஜால்" என்று நெஞ்சில் தட்டுவார். ஆம்பிளை என்று அர்த்தம். எனக்கும் பிடித்தது. பிடிபட்ட இடத்தில் கெஞ்சாமல் இருப்பதும் ஒரு கெட்டித்தனம்தான்.

வாப்பாவிடம் சொல், நான் இரண்டு வருடம் நிற்பேன் என்று. மண்டபம் கட்டட்டும். கொங்கிறீட்டே போடட்டும். அரைகுறை வீட்டில் தங்கச்சியை இருத்திவிட்டு வந்தான் என்று மஜீட் முதலாளி கைத்தடியால் என்னையும் தட்டிப் பார்க்க நான் இடம் வைக்க மாட்டேன்.

ஹாஜறாவைப் பற்றி இனி எழுத வேண்டாம். அவளுக்கு நல்ல இடம் வந்தால் முடிக்கட்டும்.

றஊப்

*

சாய்ந்தமருது
11.06.1981

காக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நான் கோபமாக இருக்கிறேன். இதற்கு முன் உங்களோடு கோபித்ததில்லை, அதனால் எப்படி எழுதுவதென்றும் தெரியவில்லை.

ஓடோவின் கதையை நான் பல தடவை நினைத்துப் பார்த்தேன். குசினியில் அரிசி களையும்போதும் அதுதான் மனதில் ஓடியது. நீங்களும் அபூ யூசுபும் அந்தப் பெரிய ஆளையே பார்க்கிறீர்கள். எனக்கு அந்த மருமகனைப் பற்றித்தான் யோசனை. அவரும் சிறையில்தானே இருந்தார்? ஓடோ ஓம் என்று சொல்லியிருந்தால் மருமகனின் கதவும் திறந்திருக்கும். ஓடோ மாட்டேன் என்றார், அதற்கு ஒரு வீரமான பேச்சும் பேசினார். அந்தப் பேச்சுக்காக இன்னொரு ஊரில் இன்னொருவர் உள்ளேயே இருந்தார். அவரிடம் யாரும் வந்து கேட்டார்களா? அவர் பெயர் என்ன? பிறகு என்ன ஆனார்? அபூ யூசுபிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் எனக்காக நிற்பதாக வாப்பா ஊரெல்லாம் சொல்கிறார். உங்களுக்காக நான் இங்கே இருக்கிறேன் என்று எவரும் சொல்வதில்லை. நீங்கள் அங்கே இருக்கும்வரை மண்டபம் எழும்பும். மண்டபம் எழும்பும்வரை நான் இந்த வேலிக்குள், பார்த்தே இராத ஒருவருக்காக. நீங்கள் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் பூட்டப்படுவது ஒரு கதவு அல்ல.

எனக்கு மண்டபம் வேண்டாம் என்று வாப்பாவிடம் சொல்லப் போனேன். "என்ன மகள்?" என்றார். "தேத்தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். என்னால் முடியவில்லை. நீங்கள் ஆண்பிள்ளை. உங்களால் முடியும். வருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள், மேல் தாளில். நான் எல்லாருக்கும் கேட்க வாசிக்கிறேன்.

ஸாலிஹா

*

றியாத்
19.08.1981

ஸாலிஹா,

நோன்பும் பெருநாளும் போய்விட்டன. உனக்குப் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். பிறகு கோபம் போய் வெட்கம் வந்தது. அது இன்னும் மோசம்.

அபூ யூசுபிடம் கேட்டேன். மருமகனைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. "இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. யார் கேட்டது?" என்றார். என் தங்கச்சி என்றேன். "அவளைப் படிப்பித்தீர்களா?" என்றார். நான் சீமெந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

நீ ஆண்பிள்ளை என்று எழுதியதற்குச் சொல்கிறேன். என் பாஸ்போட் கம்பனி அலுமாரியில் இருக்கிறது. ஒப்பந்தம் முடிகிற நாளில் மட்டும்தான் அதைக் கேட்கலாம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கிழமை எங்களை வரிசையில் நிறுத்திக் கேட்பார்கள், போகிறாயா நிற்கிறாயா என்று. நிற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் அலுமாரி மறுபடி இரண்டு வருடத்துக்குப் பூட்டு. பெல்ட்டில் இன்னும் ஒரு ஓட்டை போட்டாயிற்று. இரவில் இருமல். இதை மேல் தாளில் எழுத மாட்டேன்.

ஆனால் நான் எப்படி வருவது? வீடு போதாது என்று அவர்கள் உன்னை விட்டுப் போனால், றஊப் வந்துதான் தங்கச்சியின் கலியாணத்தைக் குழப்பினான் என்று பேச்சு வரும். வாப்பா பள்ளிவாசலில் தலை நிமிர மாட்டார். அந்தப் பழியை என் கையால் உனக்குச் செய்ய என்னால் முடியாது. மண்டபம் கேட்டது அவர்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டியதும் அங்கேதான். அப்படி யாராவது சொன்னால் அடுத்த விமானத்தில் நான் நிற்பேன். யார் சொல்லப் போகிறார்கள்?

நான் ஓடோ இல்லை, புள்ளே. அவர் வேண்டாம் என்று சொன்னார். எனக்கு அதைச் சொல்லக்கூடத் தைரியம் இல்லை.

காக்கா

*

சாய்ந்தமருது
18.09.1981

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த முறை மேல் தாள் இல்லை. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எழுதவும் இல்லை. ஹாஜறா இதை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போவாள். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காவின் எழுத வந்தார்கள். லுஹர் தொழுகைக்குப் பிறகு. ஆண்கள் புதுவீட்டு விறாந்தையில் பாய் விரித்து இருந்தார்கள். என்னை உள் அறையில் இருத்தி, கதவுக்குச் சீலை கட்டியிருந்தார்கள். சாச்சி என் பக்கத்தில். உம்மா குசினியில். நிக்காஹ் எழுதுகிற லெப்பை ஓதினார். பிறகு வாப்பாவும் இரண்டு சாட்சிகளும் சீலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். சீலைக்குக் கீழே வாப்பாவின் கால் தெரிந்தது. பெருவிரல் நகத்தில் வயல் சேறு காய்ந்திருந்தது. காவினுக்காகக் குளித்தும் அது போகவில்லை.

"மகள், ஜெமீலுக்கு உன்ன நிக்காஹ் செஞ்சி குடுக்கப் போறன். சம்மதமா?"

சாச்சி என் கையை அழுத்தினார். "பேசாம இரிகா."

நான் பேசாமல்தான் இருந்தேன். வேண்டுமென்று இல்லை, வாய் வரவில்லை. வாப்பா மறுபடி கேட்டார். அதற்கும் இல்லை. அப்போது விறாந்தையிலிருந்து மஜீட் முதலாளியின் சத்தம்: "பேசல்ல தானே? முடிஞ்சி. எழுதுங்க லெப்பை." பேனை மூடியைக் கழற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சிறிய சத்தத்தில் நீங்கள் வரிசையில் நிற்பது தெரிந்தது. பேனையை உங்கள் கையில் கொடுப்பதும்.

"வாப்பா" என்றேன்.

"என்ன மகள்?"

"ரெண்டு அறையும் குசினியும் இரிக்கி. அதுக்கெண்டா ஓம். மண்டபத்துக்கெண்டா இல்ல."

என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. பிறகு லெப்பை சொன்னார், "நான் வீட்டக் கேக்கல்ல புள்ள. கலியாணத்துக்கு ஓமா, இல்லயா? பாதி ஓம் எண்டு எழுத ஏலாது."

"என்ன ஆதம்பாவா காக்கா, வளவுக்குள்ள வெச்சி வியாபாரம் பேசுறாவா உங்கட மகள்?" இது மஜீட் முதலாளி. "மண்டபம் இல்லாட்டி எங்கட புள்ளயும் இல்ல. கேட்டுச் சொல்லுங்க."

வாப்பா கேட்கவில்லை. அவருடைய கால் அசையாமல் நின்றது. அவர் மூன்றாம் முறை கேட்டிருந்தால் நான் பயந்து மறுபடி பேசாமல் இருந்திருப்பேனோ தெரியாது. அவர் கேட்காததால் நானே சொன்னேன்.

"அப்ப இல்ல."

அவர்கள் எழும்பிப் போனார்கள். நான் யன்னலடியில் நின்று வேலிக்குக் கீழால் பார்த்தேன். மஜீட் முதலாளியின் கைத்தடி முதலில் போனது. கடைசியில் ஒரு சோடி புதுச் சப்பாத்து கடப்படியில் கொஞ்சம் நின்று, பிறகு போனது. அவரிடமும் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு காலமும் எங்ககா ஒளிச்சி வெச்சிருந்தாய் இந்த வாய?" என்றார். திட்டவில்லை. உம்மா அழுதார். வாப்பா பள்ளிக்குப் போகவில்லை. விறாந்தையில் விரித்த பாயிலேயே தொழுதார், ஆட்கள் குடிக்காமல் விட்டுப்போன தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில். என்னோடு பேசவில்லை. இன்றும் பேசவில்லை. இனி எனக்கு யார் வருவார்கள் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. இந்த வேலிக்குள் இன்னும் நெடுநாள் இருக்க வேண்டி வரலாம். ஆனால் என்னைக் காட்டி உங்களை வைத்திருக்க இனி ஒருவராலும் முடியாது. வேண்டாம் என்று இங்கே ஒருவர் சொல்லியாயிற்று. பழி என்னோடு. நீங்கள் உங்கள் பாஸ்போட்டைக் கேளுங்கள்.

இந்தக் கடிதம் பெருநாளுக்கு முன் உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்று துஆ செய்கிறேன்.

இன்று சுபஹுத் தொழுத பிறகு, வெளிச்சம் வந்ததும், முற்றத்துக்குப் போனேன். பூபாலசிங்கம் மேசன் அடித்துவிட்டுப் போன முளைக்கட்டைகளை ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். மழையில் இறுகிப்போயிருந்தன. நூலைச் சுற்றி விறாந்தையில் வைத்தேன். கட்டைகளைக் குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்து, வாப்பாவுக்குத் தேத்தண்ணி போட்டேன்.

ஸாலிஹா